மலர்க்கொடியிடம் பேசாத இரண்டு ஆண்டுகள்

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மாணவர்களிடையே ஊழியம் செய்யும் தம்பி ஒருவர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார். பேச்சுவாக்கில் ஒரு மாணவியைப் பற்றிச் சொன்னார். அவள் ஜெபக் கூட்டத்துக்கு வருவது வீட்டுக்குத் தெரிந்துவிட்டதாம். அவளுடைய அப்பா போனை வாங்கி, இவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை எடுத்துவிட்டாராம்.

“அது ஒண்ணும் பேஜாரு இல்ல பாஸ்டர். அவ ஃப்ரெண்டு போன்ல பேசிக்கினுதான் இருக்கோம். அவங்கப்பாவுக்குத் தெரியவே தெரியாது” என்று சிரித்தார்.

நல்ல பிள்ளை அவர். உழைப்பாளி. அவர் போனதும் என் மனைவி சுகந்தி, “நம்ம ரஞ்சிதம் அக்காவப் பத்தி அந்தப் புள்ளைக்குச் சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றாள். வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் பிரசங்கத்துக்குப் போய்விடுவேன். நாற்பது ஆண்டுப் பழக்கம் அது. அதனால்தான் எழுதுகிறேன்.

வேதாகமக் கல்லூரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிரேக்கம் படித்தேன், மறந்தேன். ஓர் ஊர்ச் சபையில் கொஞ்ச காலம் உதவிப் போதகராக இருந்தேன். பிறகு கல்லூரி மாணவர் ஊழியத்துக்கென்று விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை, சுகந்தி பிள்ளைத்தாய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஹாஸ்டல் பிள்ளைகள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சாம்பாரில் தண்ணீர் ஊற்றி ஊற்றி, கடைசிப் பந்திக்கு அது ரசமாகியிருக்கும். சாப்பிட்ட பிறகும் போக மாட்டார்கள். திங்கட்கிழமை விடுமுறை என்றால் அன்றும் வருவார்கள்.

விழுப்புரம், திண்டிவனம் இரண்டுக்கும் பொறுப்பாளராக இருந்தவர் மனோரஞ்சிதம் அக்கா. திண்டிவனத்தில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஊழியத்துக்கு வருவதற்கு முன்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அதனாலோ என்னவோ, தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவும் மாட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் ‘பிரதர்’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தவர் என் வேலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். அடுப்படியில் நின்ற சுகந்தியைப் பார்த்தார்.

“சுகந்தி, வாரத்துல எந்த நாளு இந்த வீட்டுக்கு யாரும் வரக் கூடாது?”

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

“அவர எதுக்குப் பாக்கற? சமைக்கறது நீதான?”

“திங்கக்கெழமக்கா” என்றாள் சுகந்தி மெதுவாக.

அன்றிலிருந்து திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு எந்த மாணவரும் வந்ததில்லை. ஒரு திங்கட்கிழமை அக்காவே அவசரமாக ஏதோ சொல்ல வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடி விஷயத்தைச் சொன்னார். சுகந்தி எவ்வளவோ கூப்பிட்டும் உள்ளே வராமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். எங்கள் மகள் பெனி பிறந்து, தவழ்ந்து, நடந்ததெல்லாம் அந்தத் திங்கட்கிழமைகளின் அமைதியில்தான் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது.

வேலையிலும் அக்காவுக்கென்று சில முறைகள் உண்டு. எந்தக் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனாலும் முதலில் வார்டனைப் பார்த்து, நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளோடு பேசுவது நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான். பரீட்சை மாதத்தில் கூட்டமே கிடையாது. “கர்த்தருக்கும் அவன் பாஸ் பண்ணணும்னுதான் ஆச” என்பார்.

எல்லாவற்றிலும் கடினமானது, வேற்று மதத்துப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போவது. கூட்டத்துக்குத் தொடர்ந்து வருகிற ஒவ்வொரு பிள்ளையின் ஊருக்கும் அக்கா போய்விடுவார். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்புக் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு வீட்டுக்கு என்னையும் அழைத்துப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னார்: “நான் கிறிஸ்தவ ஊழியக்காரிங்க. உங்க பையன் எங்க கூட்டத்துக்கு வர்றான். உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்.” அவ்வளவுதான். அந்தப் பையனின் அப்பா எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பையனை அடுத்த வாரமே கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று நிறுத்தியும்விட்டார். நான் நொந்துபோனேன். அக்கா, “மோரு நல்லா இருந்துது இல்ல, பிரதர்?” என்று மட்டும் கேட்டார்.

திண்டிவனத்தில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் மலர்க்கொடி. அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா ஏழுமலை, சொந்த நிலத்தில் மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்லும் நிலக்கடலையும் கேழ்வரகும் போடுகிறவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். கெமிஸ்ட்ரி. அறைத் தோழியோடு ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தாள், பிறகு தானாகவே வரத் தொடங்கினாள். கேள்வி கேட்டால் விட மாட்டாள். நான் ஒரு பதில் சொன்னால் அதிலிருந்து இரண்டு கேள்விகள் எடுப்பாள். அக்காவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்கு வரட்டுமா என்று அக்கா கேட்டபோது, “மல்லாட்ட புடுங்கற டைம்க்கா. அப்பா ஒரே டென்ஷன்ல இருப்பாரு. அடுத்த மாசம் வாங்க” என்றாள். அக்காவும் சரி என்றார்.

அடுத்த மாதத்துக்குள் ஏழுமலை எங்களைத் தேடி வந்துவிட்டார்.

நண்பகல். சுகந்தி பெனிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பின்னால் மைத்துனர் ஒருவர். ஏழுமலையின் கையில் சின்னப் புதிய ஏற்பாடு. முதல் பக்கத்தில் எங்கள் வீட்டு முகவரி முத்திரை இருந்தது.

“நீதானா அந்தப் பாஸ்டரு? எம் பொண்ண காலேஜுக்கு அனுப்பிச்சனா, உங்க கோயிலுக்கு அனுப்பிச்சனா?”

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தெருவே எட்டிப் பார்த்தது.

“இன்னாத்துக்கு ஒளிச்சி வச்சி பண்றீங்க? நாளையிலேந்து அவ காலேஜுக்கு வர மாட்டா. பொட்டி படுக்கைய எடுத்தாந்தாச்சு. மாப்ள பாத்து முடிச்சிடுவேன், பாத்துக்கோ.”

பெனி பயந்து அழத் தொடங்கினாள். ஏழுமலை அவளை ஒருகணம் பார்த்தார், குரல் இறங்கியது. போகும்போது அந்தப் புத்தகத்தை வீசி எறியவில்லை. குனிந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் திண்டிவனத்துக்கு ஓடினேன். அக்கா முழுவதையும் கேட்டார். “நாளைக்குக் காலையில அனந்தபுரம் போறோம்” என்றார்.

“அடிச்சிடுவாங்கக்கா.”

“கோவத்துல இருக்கறாரு. ஆனா ஒளிச்சி வச்சீங்கன்னு கேட்டாரு இல்ல? அதுக்குப் பதில் சொல்லணும்.”

பஸ்ஸிலிருந்து இறங்கி மண்பாதையில் நடந்து போனோம். வீட்டு முன்னால் மல்லாட்டை காயப்போட்டிருந்தார்கள். காலால் அதைத் துழாவிக்கொண்டிருந்த ஏழுமலை எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“இங்கயும் வந்துட்டீங்களா?”

அக்கா காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டையை மிதிக்காமல் ஓரமாக நின்றார். “மன்னிப்பு கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்ங்க. உங்க பொண்ணு எங்க கூட்டத்துக்கு வர்றத நானே வந்து சொல்லியிருக்கணும். அடுத்த மாசம் வரலாம்னு தள்ளிப் போட்டுட்டேன். நீங்களா கண்டுபுடிக்கிற மாதிரி ஆயிடுச்சு. அது என் தப்பு.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்தவர் கொஞ்சம் தடுமாறினார்.

“அவள உங்க மதத்துக்கு மாத்தப் பாத்தீங்களா, இல்லியா?”

“நாங்க நம்பறத அவகிட்ட சொன்னோம். அவ விரும்பித்தான் கேட்டா. அத நான் மறைக்கலைங்க.”

“அதான் படிப்ப நிறுத்திட்டேன்.”

“எங்க மேல இருக்கற கோவத்துக்கு அவ படிப்ப நிறுத்தாதீங்க. அவ டிகிரி முடிக்கிற வரைக்கும் நாங்க யாரும் அவளோட பேச மாட்டோம். கூட்டத்துக்குக் கூப்புட மாட்டோம். ரோட்டுல பாத்தாகூடப் பேச மாட்டோம்.”

“இத யாரு நம்பறது?”

“இப்ப நம்ப வேணாம்ங்க. உங்க ஊருப் பொண்ணுங்க அங்க படிக்குது. வார்டன் இருக்காங்க. எப்ப வேணா விசாரிங்க. ஒருதரம் நாங்க மீறுனாலும் அன்னிக்கே அவளக் கூட்டிக்கினு போயிடுங்க.”

ஏழுமலை மறுபடி மல்லாட்டையைக் காலால் துழாவத் தொடங்கினார். உள்ளேயிருந்து அவர் மனைவி, “ரெண்டு வருசந்தானே, அதான் சொல்றாங்க இல்ல” என்றார். அவருக்குப் பின்னால், கதவைப் பிடித்துக்கொண்டு மலர்க்கொடி நின்றாள். எங்களையே பார்த்தாள். அக்கா அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் திரும்பினார்.

அடுத்த வாரம் மலர்க்கொடி ஹாஸ்டலுக்குத் திரும்பினாள்.

எங்கள் கமிட்டியில் இது பெரிய பிரச்சினையாயிற்று. மூத்த உறுப்பினர் ஒருவர், “ஒரு ஆத்துமாவ கைகழுவி விட்டுட்டு வந்திருக்கீங்க” என்று அக்காவை எல்லார் முன்னாலும் கேட்டார். அவர் பேசி முடிக்கும்வரை அக்கா காத்திருந்தார். “நான் விட்டுக் குடுத்தது நான் பேசறதத்தான் ஐயா. ஆண்டவர் பேசறத நிறுத்த நான் யாரு?” என்றார்.

சொல்வது எளிது. திண்டிவனம் சின்ன ஊர். வாரத்துக்கு ஒருமுறையாவது மலர்க்கொடி எதிரில் வந்துவிடுவாள். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் வந்து நின்று, “பிரதர், பெனி நடக்குதா?” என்று கேட்டாள். பெனி அந்த வாரம்தான் நடக்கத் தொடங்கியிருந்தாள். நான் விழுப்புரம் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்து சுகந்தியிடம் சொன்னபோது அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அக்காவுக்கு நடந்ததை நானே பார்த்தேன். ஹாஸ்டல் சாலையில் மலர்க்கொடி வேண்டுமென்றே அவர் எதிரில் வழியை மறித்து நின்றாள். அக்கா நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு சொல்கூடப் பேசாமல் ஒதுங்கி நடந்தார். சந்து முனை திரும்பியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் இறுதியாண்டில் இருந்தபோது ஒரு நாள் காலை, அவளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அறைத் தோழி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். மலர்க்கொடிக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள், கூடப் பெரியவர்கள் யாரும் இல்லை, ஊருக்குத் தகவல் போனதா என்றுகூடத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

“நீங்க உள்ள போகாதீங்க பிரதர். நான் இப்பவே அனந்தபுரம் போயி அவங்கப்பாவக் கூட்டிக்கினு வர்றேன்.”

“அக்கா, உயிர் போற விஷயம். இதுக்குமா அந்த வாக்கு?”

“டாக்டர் பாத்துக்கினு இருக்காங்க. இப்ப அவளுக்கு வேண்டியது அப்பா. நான் ஜல்தியா போனாத்தான் அவர் ஜல்தியா வருவாரு.” போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சுகந்தி அதற்குள் அரிசிக் கஞ்சி வைத்திருந்தாள். தூக்கில் ஊற்றிக்கொண்டே, “உங்கக்கா குடுத்த வாக்குல கஞ்சியும் சேத்தியா?” என்று கேட்டாள்.

நான் பதில் யோசிப்பதற்குள் பெனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே போனேன். பெண்கள் வார்டு வாசலில் தோழியிடம் தூக்கைக் கொடுத்து, டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஊட்டச் சொன்னாள். பிறகு வெளி வராந்தாவில் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தோழி வந்து, “அக்கா, மலரு அழுவுது, உங்கள வரச் சொல்லுது” என்றாள். சுகந்தி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, “நான் இங்கதான் இருக்கறேன்னு மட்டும் சொல்லும்மா” என்றாள்.

பிற்பகலில் அக்காவும் ஏழுமலையும் வந்தார்கள். ஏழுமலை காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார், காலில் சேறு காய்ந்திருந்தது. வேகமாக வந்தவர் சுகந்தியைக் கண்டு நின்றார்.

“நீ அந்த பாஸ்டரு வூட்டம்மா இல்ல? உள்ள எப்பிடி இருக்கறா?”

“கஞ்சி குடிச்சாளாம்ங்க. நான் உள்ள போவல.”

“எப்பலேந்து இங்க குந்திக்கினு இருக்கற?”

“காலையிலேந்து.”

“கொழந்தைய வச்சிக்கினா? ஏன் உள்ள போவல?”

“பேச மாட்டோம்னு அக்கா உங்களுக்கு வாக்கு குடுத்தாங்களே.”

ஏழுமலை உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். கையில் எங்கள் தூக்கு, கழுவித் துடைத்திருந்தது. அதைச் சுகந்தியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். வாக்கை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. குணமானதும் மகளை ஊருக்கு அழைத்துப் போனார். இனி அவளை அனுப்ப மாட்டார் என்றே நான் நினைத்தேன். மாத முடிவில் அவரே அவளை ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டார்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மலர்க்கொடி அக்கா வீட்டுக்கு நேராக வந்தாள். நானும் சுகந்தியும் அங்கே இருந்தோம். அக்கா வாசலுக்கே எழுந்து போனார், கையை நீட்டினார். அவள் படியேறவில்லை.

“ரெண்டு வருஷம் என்னப் பாத்துத் தலையத் திருப்பிக்கினீங்க. உங்களுக்கு ஒண்ணுமே ஆகலியாக்கா?”

“ஆச்சு” என்றார் அக்கா. “ரொம்ப.”

“எங்கப்பாகிட்டப் பேசி முடிச்சீங்க. நானும் அங்கதான நின்னுக்கினு இருந்தேன்? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. நீ படித்து முடித்ததே அக்காவால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“கேக்கல. கேட்டிருக்கணும். அன்னிக்கு உங்கப்பா ஒத்துக்கணுமேங்கறது மட்டுந்தான் என் மனசுல இருந்துது. நீ நின்னத பாத்தேன், ஆனா உன்னக் கேக்கணும்னு தோணல, மலர்.”

பதவியிலும் வயதிலும் மூத்தவர்கள் பலரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரிப் பெண்ணிடம், சாக்குச் சொல்லாமல், அவ்வளவு நேராகப் பதில் சொன்ன இன்னொருவரை நான் பார்த்ததில்லை. மலர்க்கொடி அக்காவைத் தாண்டி உள்ளே வந்தாள். பிறகு சுகந்தியிடம் வந்து பெனியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “என்னா கனம் கனக்கற நீ” என்றாள். அக்காவிடம் அன்று வேறெதுவும் பேசவில்லை. இப்போது அவள் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி ஆசிரியை. அவளுடைய நம்பிக்கை இன்று என்ன என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், நான் எழுதுவது முறையல்ல.

மலர்க்கொடி படித்து முடித்த அதே ஆண்டு, கல்லூரி திறந்த சமயம், அக்கா வீட்டில் அவரோடு வேலை பேசிக்கொண்டிருந்தேன். வாசலில் ஏழுமலை வந்து நின்றார். கூடவே மலர்க்கொடி. அவளுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டியோடு ஒரு பெண், அவளைப் போலவே முகம்.

“இவ சின்னவம்மா, தேன்மொழி. இதே காலேஜு, இதே ஹாஸ்டலு” என்றார் ஏழுமலை. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். “லோக்கல் கார்டியன்னு ஒருத்தரு வேணுமாம். ஒடம்புக்கு ஒண்ணுன்னா அவங்கதான் வந்து பாக்கணுமாம். எனக்கு இந்த ஊர்ல வேற யாரத் தெரியும்? நீங்க இருங்கம்மா.”

“நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். ஊர்ல நாலு பேரு கேப்பாங்களே.”

“கேக்கட்டும். சொன்ன சொல்லுல நிக்கறவங்கன்னு நான் சொல்லிக்கறேன்.”

அக்கா உடனே சரி என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவருடைய முகமே மலர்ந்திருந்தது. ஆனால் அவர் ஏழுமலையை விட்டுவிட்டுப் பின்னால் நின்ற பெண்ணின் பக்கம் திரும்பினார்.

“உங்கப்பா கேட்டுட்டாரு. நீ சொல்லும்மா தேன்மொழி. நான் இருக்கட்டுமா, வேற யாரையாவது பாக்கலாமா?”

“சின்னப் புள்ள, அவள இன்னாத்துக்கும்மா கேக்கறீங்க?” என்றார் ஏழுமலை.

“அவதான ஹாஸ்டல்ல இருக்கப் போறா?”

மலர்க்கொடி அக்காவைப் பார்த்தாள். பிறகு தங்கையின் தோளில் கைவைத்து மெல்ல முன்னால் தள்ளினாள்.

தேன்மொழி பெட்டியைக் கீழே வைத்தாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். “நா உங்க கூட்டத்துக்கெல்லாம் வர மாட்டேன். பரவாயில்லியா?” என்றாள்.

“பரவாயில்ல.”

“அப்ப இருங்கக்கா.”